உப்புப் படம்

ஜெய்னுலாபுதீன் சைக்கிள் கேரியரின் மேல் பலகையை வைத்து, பழைய டியூபைக் கிழித்துச் செய்த ரப்பர் வாரால் இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணி. முடிச்சுப் போடும் இடம் வந்ததும் அடுப்படிப் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தான்.

"சரபு, விரலை வையி."

ஷரபுன்னிசா ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து, ஆட்காட்டி விரலை முடிச்சின்மேல் வைத்து அழுத்தினாள். அவன் வாரை இறுக்கினான். விரலை எப்போது எடுக்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். முந்தி எடுத்தால் முடிச்சு தளரும். பிந்தினால் விரல் மாட்டிக்கொள்ளும்.

காரைக்குடியில் இருந்த சினிமாக் கொட்டகையும் கோட்டையூரில் இருந்த தகரக் கொட்டகையும் ஒரே முதலாளிக்குச் சொந்தம். ஞாயிறு காலையில் இரண்டு இடத்திலும் இங்கிலீஷ் படம் ஓடும். படம் இரண்டு ஊரில் ஓடினாலும் வந்திருப்பது ஒரே ஃபிலிம் பெட்டிதான். காரைக்குடியில் முதல் நான்கு ரீல் ஓடி முடிந்ததும் அவற்றைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு ஜெய்னுலாபுதீன் கோட்டையூருக்குப் போவான். அங்கே அவை ஓடத் தொடங்கும்போது அடுத்த ரீல்களுக்காகத் திரும்பி வந்துகொண்டிருப்பான். ஒரு காட்சிக்கு மூன்று நடை. ஆறு ஆண்டுகளாக அதுதான் அவன் வேலை. மற்ற நாட்களில் கொட்டகையைக் கூட்டுவான், சுவரொட்டி ஒட்டுவான்.

"இன்னிக்குத்தான் உப்புப் படம் கடைசி" என்றான். "இன்னிக்குத் தெரிஞ்சுரும்."

நோட்டீசில் படத்தின் பெயர் இங்கிலீஷில் இருந்தது. ஊரில் யாரும் அதைச் சொல்லவில்லை. ஒரு கொள்ளைக்காரன் தாடியும் கிழிந்த கோட்டுமாகக் குதிரையில் வருகிறான். ஒவ்வொருவனாகத் தேடிப்போய்ச் சுடுகிறான். சுட்டு முடித்ததும் கோட்டுப் பையில் கைவிட்டு, செத்தவன் நெஞ்சின்மேல் ஒரு சிட்டிகை உப்பைப் போடுகிறான். அதனால் அது உப்புப் படம்.

ஜெய்னுலாபுதீன் அந்தப் படத்தை மூன்று வாரமாகப் பார்த்துவந்தான். ஆனால் முழுதாகப் பார்க்கவில்லை. காரைக்குடியில் காத்திருக்கும்போது முதல் நான்கு ரீல். மூன்றாவது நடை முடிந்து கோட்டையூரில் நிற்கும்போது கடைசி மூன்று ரீல். நடுவில் இருந்த ஐந்து, ஆறு, ஏழு ஓடும் நேரத்தில் இரண்டு ஊரிலுமே அவன் இருக்கமாட்டான். ரோட்டில் இருப்பான்.

"மீனுக்குப் போடுற மாதிரியா போடுறான் உப்பை?" என்று முதல் வாரமே ஷரபுன்னிசா கேட்டிருந்தாள்.

"இல்ல. சோத்துக்குப் போட்டுக்கிற மாதிரி. கொஞ்சூண்டு."

"என்னத்துக்காம்?"

"அதான் நடுவுல இருக்குபோல. டீக்கடையில ஆளுக்கு ஒண்ணு சொல்றாக. அவன் வீட்டு உப்பைத் தின்னுபுட்டு அவனுக்கே துரோகம் பண்ணிட்டானுகன்னு ஒருத்தரு. கருவாடு போடுறான்னு ஒருத்தரு."

"படம் பாத்தவுக யாரையாச்சும் கேக்குறது."

"யாரும் பாக்கலையே. அது பேச்சு ரீலு. சண்டை கிடையாது. இடைவேளைக்கு வெளிய போன சனம் எட்டாவது ரீலுக்குத்தான் உள்ள வருது."

அவன் சொல்லச் சொல்ல அவளுக்குப் படம் பாதி தெரிந்திருந்தது. அது இங்கிலீஷ்காரன் எடுத்த படம் இல்லை, இத்தாலிக்காரன் எடுத்தது, அதனால்தான் வாய் ஒரு பக்கம் போகிறது, பேச்சு ஒரு பக்கம் வருகிறது என்று ஆப்பரேட்டர் மலையாண்டி சொல்லியிருந்தார். கொள்ளைக்காரன் போகிற மூன்று ஊரிலும் அதே வெள்ளைச் சுவர் வீடு இருந்தது. இரண்டாவது ரீலில் குண்டடி பட்டுச் செத்தவனே ஒன்பதாவது ரீலில் சட்டையை மாற்றிக்கொண்டு வந்து மறுபடி செத்தான். "ஆளுக்குப் பஞ்சம் போல" என்று ஜெய்னுலாபுதீன் சிரித்தான். "நம்ம முதலாளி மாதிரிதான் அந்த ஊரு முதலாளியும். ஒருத்தனை வச்சே எல்லா வேலையும் வாங்கிர்றான்."

"இன்னிக்கு எப்படித் தெரியும்?"

"மலையாண்டி அண்ணன்கிட்டச் சொல்லி வச்சிருக்கேன். கடைசி நடை முடிஞ்சு பெட்டி கட்டுறதுக்கு முந்தி, அஞ்சாவது ரீலை மட்டும் எனக்குப் போட்டுக் காட்டுறேன்னிருக்காரு. நீயும் வாரியா?"

"புள்ளைக்குக் காய்ச்சல். நீங்க பாத்துட்டு வந்து சொல்லுங்க."

மகள் அமீனா பாயில் சுருண்டு கிடந்தாள். அவன் குனிந்து அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். கிளம்பும்போது வாசலில் நின்று, "அந்த மேனேஜரு என்ன சொன்னாரு தெரியுமா?" என்றான். போன வாரம்தான் கோட்டையூர்க் காட்சியை முன்னால் தள்ளியிருந்தார்கள். மத்தியானம் அங்கே தமிழ்ப் படம், அதற்குள் கொட்டகை காலியாக வேண்டும். ஆப்பரேட்டர் அறைச் சுவரில் சாக்கட்டியால் 'கோட்டையூர் - 30 நிமிஷம்' என்று எழுதியிருந்ததை, மேனேஜர் சின்னச்சாமி மூன்றைக் கையால் துடைத்துவிட்டு இரண்டு ஆக்கியிருந்தார்.

"நான் கேட்டேன், ரயில்வே கேட்டுச் சாத்தியிருந்தா என்ன செய்யன்னு. 'சாத்துறதுக்கு முந்திப் போயிரு'ங்கறாரு. ரயிலுக்கு நாந்தான் நேரம் சொல்லணும்போல."

அவள் சிரித்தாள். அவன் பெடலை மிதித்தான்.

அன்றைக்கு முதல் நடை ஒழுங்காகப் போயிற்று. இரண்டாவது நடைக்குப் பன்னிரண்டு மணிக்குக் காரைக்குடியிலிருந்து கிளம்பினான். பலகையில் ஐந்து, ஆறு, ஏழு. கேட் சாத்தியிருந்தது. கூட்ஸ் வண்டி. பதினோரு நிமிஷம் நின்றான் என்று கேட்காரர் பிறகு சொன்னார். இரண்டு முறை மணி கேட்டானாம். கேட் திறந்ததும் இறக்கத்தில் வேகமாகப் போயிருக்கிறான். முன்னால் வைக்கோல் வண்டி. அதை விலகிப் போகும்போது எதிரே செங்கல் லாரி.

சைக்கிளை மறுநாள் கொண்டுவந்து வாசலில் சாத்தினார்கள். முன்சக்கரம் எட்டுப் போல் வளைந்திருந்தது. பலகை இரண்டாகப் பிளந்திருந்தது. ரப்பர் வார் அப்படியே இருந்தது. முடிச்சு அவிழவில்லை.

கணவன் இறந்தவள் இருக்க வேண்டிய இத்தாவை ஷரபுன்னிசா நான்கு மாதமும் பத்து நாளும் இருந்தாள். வெளி ஆண்கள் கண்ணில் படக்கூடாது, வாசலைத் தாண்டக்கூடாது. உள் அறையில் ஒரு சன்னல் இருந்தது. அதன் கீழே பாயை விரித்துக்கொண்டாள். சோறாக்கினாள், ஓதினாள், அமீனாவுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தாள். மற்ற நேரத்தில் யோசித்தாள். அழுகை தீர்ந்துபோன நாட்களில் அவள் மனம் போய் நின்ற இடம் அவளுக்கே வேடிக்கையாக இருந்தது. அந்தக் கொள்ளைக்காரன் எதற்காக உப்பைப் போட்டான்? குழம்புக்கு உப்புப் போடக் கையை ஜாடிக்குள் விடும்போதெல்லாம் அது வந்து நிற்கும். அவன் கேட்டுவைத்துவிட்டுப் போன கேள்வி. பதில் தெரிந்துவிட்டால் சொல்வதற்கு அவன் இல்லை. ஆனாலும் தெரிய வேண்டும்போல் இருந்தது.

நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதி முடித்த வாரம் மேனேஜர் சின்னச்சாமி வந்தார். முற்றத்தில் பெஞ்சு போட்டு உட்காரவைத்தார்கள். ஷரபுன்னிசாவின் அண்ணன் அல்லாபிச்சை கூட இருந்தான். அவள் கதவுக்குப் பின்னால் நின்றாள்.

"முதலாளிக்கு ரெம்ப வருத்தம்" என்றார் மேனேஜர். "ஆறு வருசமா அவரு உப்பைத் தின்னவன் குடும்பம். விட்டுற மாட்டாரு. மாசம் ஒரு மூட்டை அரிசி வரும். பெருநாளைக்குத் துணிமணி வரும். ஒரு காயிதம் மட்டும் போலீசுக்குக் குடுக்கணும். ரேகை வச்சுக் குடுத்திருங்க."

காகிதத்தையும் ஒரு சின்ன மை டப்பாவையும் அல்லாபிச்சை உள்ளே நீட்டினான். அவள் மை டப்பாவை வாங்கவில்லை. காகிதத்தைச் சன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பிடித்தாள். ஐந்தாம் வகுப்பு வரைக்கும் படித்தவள். ஜெய்னுலாபுதீன் ஒட்டுவதற்கு முன்னால் சினிமா நோட்டீசுகளை எழுத்துக்கூட்டாமல் வாசித்துச் சொன்னது அவள்தான்.

மேற்படி ஜெய்னுலாபுதீன் காரைக்குடிக் கொட்டகையின் வேலையாள் அல்ல என்றும், சம்பவத்தன்று அவர் தமது சொந்த வேலையாகக் கோட்டையூர் சென்றார் என்றும், இது அவர் மனைவியாகிய எனக்குத் தெரியும் என்றும் எழுதியிருந்தது.

"என்ன இம்புட்டு நேரம்?" என்றான் அல்லாபிச்சை.

"படிக்கிறேன்."

மேனேஜர் பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சொந்த வேலையாப் போனவரு" என்று கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டாள், "மூணு ரீலை என்னத்துக்குக் கட்டிக்கிட்டுப் போனாரு?"

மேனேஜர் அல்லாபிச்சையைப் பார்த்தார். "எழுதுற முறை அப்படித்தாம்மா. வக்கீல் எழுதினது."

"நான் வச்சுப் பாத்துட்டுத் தாரேன்."

அவர் போனபின் அல்லாபிச்சை உள்ளே வந்தான். "வேலையில செத்தான்னு ஆனா நட்டஈடு குடுக்கணும்னு சட்டம் இருக்காம். அதுக்குத்தான் இது. எனக்கும் தெரியாம இல்ல. ஆனா யாரு போயி நிப்பா கோர்ட்டுல? நீயா, நானா? ரேகையை வச்சுட்டு அரிசியை வாங்கு."

"சொந்த வேலைன்னா அவரே சைக்கிளை எடுத்துக்கிட்டு அவரே போயி விழுந்தாருன்னு ஆகிப்போகும் அண்ணே."

"ஆகிட்டுப் போகட்டும். திரும்பியா வரப்போறான்?"

அவள் காகிதத்தை நாலாக மடித்து, அடுப்படி அலமாரியில் உப்பு ஜாடிக்குக் கீழே வைத்தாள். அரிசி ஒரு மாதம் வந்தது. பிறகு வரவில்லை.

கொட்டகையில் பெண்கள் பக்கம் டிக்கெட் கொடுக்கும் நாகவல்லி அடுத்த தெருக்காரி. அவ்வப்போது வந்து உட்கார்ந்துவிட்டுப் போவாள். ஒரு நாள் முந்தானையில் முடிந்துவைத்திருந்த ஒன்றை அவிழ்த்தாள். விரல் நீளத்துக்கு ஃபிலிம் துண்டு.

"விழுந்த அன்னிக்கு ரோடெல்லாம் ஃபிலிமாக் கெடந்துச்சாம். சனம் அள்ளிக்கிட்டுப் போயிருச்சு. என் வீட்டுக்காரரும் ஒரு துண்டு வச்சிருந்தாரு. உங்ககிட்டக் குடுக்கிறதா வேணாமான்னு இருந்துச்சு."

ஷரபுன்னிசா அதைச் சன்னலுக்கு நேராகப் பிடித்தாள். ஐந்து கட்டம். ஐந்திலும் ஒரே படம். ஒரு பெண் தலையில் துணி போட்டுக்கொண்டு மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். கை நீட்டியிருக்கிறது. மேசைமேல் வெள்ளையாக ஏதோ குவித்திருக்கிறது. சர்க்கரையோ, மாவோ, உப்போ.

"கொள்ளைக்காரன் பொண்டாட்டியா இருக்குமோ?" என்றாள் நாகவல்லி.

"அவனுக்குப் பொண்டாட்டி உண்டுன்னு அவரு சொல்லலையே."

"அவரு நடு ரீலைப் பாக்கலைல்ல."

இருவரும் மாறி மாறி வாங்கிப் பார்த்தார்கள். ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் கை கொஞ்சமாவது நகர்ந்திருக்கிறதா என்று ஷரபுன்னிசா வெகுநேரம் ஒப்பிட்டாள். நகரவில்லை.

இத்தா முடிந்து இரண்டாவது வாரம் உப்புப் படம் திரும்பவும் வந்தது. ரீல் குறைந்த பெட்டியை இனி வேறு ஊரில் போடமுடியாது என்று கம்பெனிக்காரர்கள் குறைந்த வாடகைக்குக் கொடுத்துவிட்டார்கள். நாகவல்லி வந்து சொன்னாள். "மேனேஜருக்குச் சந்தோசந்தான். பேச்சு ரீலுதானே போச்சு, சண்டை ரீலு பத்திரமா இருக்குங்கறாரு."

அல்லாபிச்சை சத்தம் போட்டான். "இத்தா முடிஞ்ச ஈரம் காயலை, கொட்டகைக்குப் போறியா? நாலு பேரு என்ன பேசுவாக?"

"அவரு வேலை பாத்த எடத்தைத்தானே பாக்கப்போறேன்."

அமீனாவை நாகவல்லி வீட்டில் விட்டுவிட்டு, மடித்த காகிதத்தையும் ஃபிலிம் துண்டையும் மடியில் செருகிக்கொண்டு, பத்தரை மணிக் காட்சிக்குப் போனாள். நாகவல்லி டிக்கெட் வாங்கவிடவில்லை. பெண்கள் பக்கம் பெஞ்சில் மூன்றே பேர் இருந்தார்கள்.

படம் அவன் சொன்னபடியே தொடங்கிற்று. வெள்ளைச் சுவர் வீடு. குதிரை. கிழிந்த கோட்டு. முதலில் சுடப்பட்டவன் மெதுவாக விழுந்தான். கொள்ளைக்காரன் பையில் கைவிட்டான். சோற்றுக்குப் போடுகிற மாதிரித்தான், கொஞ்சூண்டு. அவளுக்குச் சிரிப்பு வந்தது, வாயைப் பொத்திக்கொண்டாள். வெள்ளைச் சுவர் வீடு இரண்டாவது ஊரிலும் வந்தபோது அடையாளம் கண்டுகொண்டாள்.

நான்காவது ரீலின் முடிவில் கொள்ளைக்காரன் ஒரு வீட்டுக் கதவைத் தட்டினான். உள்ளே யாரோ எழுந்துவரும் காலடிச் சத்தம் கேட்டது. கொட்டகையில் விளக்குப் போட்டார்கள். இடைவேளை.

மறுபடி விளக்கு அணைந்தபோது அவன் மலைமேல் குதிரையில் போய்க்கொண்டிருந்தான். கன்னத்தில் புதிதாக ஒரு வெட்டுத் தழும்பு. கதவை யார் திறந்தார்கள் என்று தெரியவில்லை. சனங்கள் ஒன்றும் கேட்கவில்லை. சண்டை உடனே வந்துவிட்டது. விசில் பறந்தது. செத்தவன் சட்டையை மாற்றிக்கொண்டு வந்து மறுபடி செத்தான். கடைசி ஆள் மேல் உப்பைப் போட்டதும் கொள்ளைக்காரன் பையைத் தலைகீழாகக் கவிழ்த்து உதறினான். மீதி உப்பு மண்ணில் விழுந்தது. போய்விட்டான்.

படம் முழுவதும் அவள் அந்தப் பெண்ணைத் தேடிக்கொண்டிருந்தாள். தலையில் துணி போட்ட பெண் ஒரு இடத்தில்கூட வரவில்லை. அப்படி ஒருத்தி இருந்தது அந்தக் கொட்டகையில் அவளுக்கும் நாகவல்லிக்கும் மட்டும் தெரியும்.

வெளியே வந்து கடிகாரத்தைப் பார்த்தாள். பன்னிரண்டுக்கு எட்டு நிமிஷம் இருந்தது. முன்பெல்லாம் பன்னிரண்டரைக்குத்தான் காலைக்காட்சி விடும்.

பக்கவாட்டு இரும்புப் படியில் ஏறி ஆப்பரேட்டர் அறைக்குப் போனாள். மலையாண்டி பத்தாவது ரீலைத் திருப்பிச் சுற்றிக்கொண்டிருந்தார். மெஷின் சூட்டில் பனியன் நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. அவளைப் பார்த்ததும் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"வா தாயி."

ஃபிலிம் துண்டை நீட்டினாள். அவர் பல்புக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார்.

"அஞ்சாவது ரீலு" என்றார். "ஓரத்து நம்பரு சொல்லுது."

"இந்தப் பொம்பள யாருண்ணே?"

"நான் எங்க தாயி படம் பாத்தேன். அஞ்சு ஓடுறப்ப அடுத்த மெஷினுக்கு விளக்குக் கார்பன் மாத்துவேன். கண்ணெல்லாம் அதுலதான் இருக்கும்." ஃபிலிமைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ரீலைச் சுற்றத் தொடங்கினார். "ஜெயினு கேட்டான். அன்னிக்குச் சாயங்காலம் போட்டுக் காட்டுறேன்னேன்."

அவள் மடித்த காகிதத்தை எடுத்து விரித்து அவரிடம் காட்டினாள். அவர் வாங்காமலே வாசித்தார்.

"சொந்த வேலைன்னு போட்டிருக்காக. அன்னிக்கு ரீலை எடுத்துக் கையில குடுத்தது நீங்கதானே. அதை நீங்க வந்து சொல்லணும்."

மலையாண்டி ரீலைச் சுற்றும் கையை நிறுத்தவில்லை. "யாராச்சும் கேட்டாச் சொல்லுவேன் தாயி. அல்லா மேல ஆணையாச் சொல்லுவேன், ஐயனார் மேல ஆணையாச் சொல்லுவேன். ஆனா நானாப் போயிச் சொன்னா, மறுநாளு இந்த மெஷினுக்கு வேற ஆளு நிக்கும்." ரீல் முடிந்து வால் படபடவென்று அடித்தது. அதைப் பிடித்து நிறுத்தினார். "அஞ்சு மாசமாச்சு. இன்னும் ஒருத்தரும் கேக்கலை."

அவள் காகிதத்தைத் திரும்ப மடித்தாள். அப்போதுதான் கதவோரச் சுவரைப் பார்த்தாள். பல ஆண்டுப் புகையில் சுவர் பழுப்பேறியிருந்தது. 'கோட்டையூர் - 20 நிமிஷம்.' இரண்டுக்குக் கீழே, கையால் துடைத்த இடத்தில், மூன்றின் வயிறு வெள்ளையாகத் தெரிந்தது.

படியில் திடுதிடுவென்று சத்தம் கேட்டது. முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவன் ஏறி வந்தான். சட்டை முழுவதும் வேர்வை. முதல் நடை போய்த் திரும்பியிருக்கிறான். "எட்டு, ஒம்போது, பத்து ரெடியாண்ணே?" என்று கேட்டுக்கொண்டே டப்பாக்களைத் தூக்கிக்கொண்டு இறங்கினான். அவள் பின்னாலேயே இறங்கினாள்.

கீழே சைக்கிள் நின்றது. புதுப் பலகை. அவன் டப்பாக்களை அடுக்கிக் கயிற்றைச் சுற்றி இழுத்தான். முடிச்சுப் போடப் போகும்போது கயிறு தளர்ந்தது. பல்லால் ஒரு நுனியைக் கடித்துக்கொண்டு மறுபடி இழுத்தான். மறுபடி தளர்ந்தது.

ஷரபுன்னிசா கிட்டே போய், ஆட்காட்டி விரலை முடிச்சின்மேல் வைத்து அழுத்தினாள். அவன் நிமிர்ந்து பார்த்தான். அவள் யார் என்று அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை. கயிற்றை இறுக்கினான். சரியான நேரத்தில் அவள் விரலை எடுத்துக்கொண்டாள்.

"பேரு என்ன?"

"சின்னக்கருப்பு. கல்லல் பக்கம்."

"படம்தான் அரைமணி முந்தி முடியுதே. மெதுவாப் போகலாம்ல? எத்தனை நிமிசம் குடுத்திருக்காக?"

"இருவது" என்றான் அவன். சைக்கிளை ஸ்டாண்டிலிருந்து தள்ளினான். "என்னைக்குமே இருவதுதானாம்."